சோக் மாற்றியும் தட்டு தப்புகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் முறை

"அண்ணே, புது சோக் வாங்கிப் போட்டேன், முன்னைக்கு இப்ப இன்னும் மோசமாத் தப்புது." காரைக்குடி, திருப்பத்தூர், புதுக்கோட்டைப் பக்கம் டிராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுடுகிறவர்களிடம் இருந்து வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். சோக் என்பது குழலின் வாயில் மரையில் ஏறும் குறுகலான சின்னக் குழாய்; குண்டுகள் எவ்வளவு விரிந்து போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட பிறகு, வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி சும்மா இருக்கும் பலருக்கும் களிமண் தட்டு மேல் ஆசை வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வேட்டைக்காகச் செய்த துப்பாக்கி: எடை குறைவு, 12 போர் (குழல் துவாரத்தின் அளவு), கழற்றி மாட்டும் சோக் வைத்தது. இங்கே அதற்கு வேட்டை வேலை கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது கௌதாரி, முயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அதே துப்பாக்கியைத் தட்டுக்குப் பழக்குகிறார்கள், அதற்காக வெளிக் கம்பெனி சோக் வாங்குகிறார்கள்.

புது சோக் வாங்கித் தீர்க்கலாம் என்று நினைக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை சோக்கால் வருவதே இல்லை. அழுக்கு, தோட்டா, பொருந்தாத மரை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்பு துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டியை வீட்டில் வேறு ரூமில் வையுங்கள். முடிந்தால் குழலைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சோக்கைத் தொடும்போது கை குழல் வாய்க்கு முன்னால்தான் இருக்கும், அதனால் இதில் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்க முடியாது.

அறிகுறி: சோக் மரையில் ஏறவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

முதல் காரணம் செம்மண். நம் ஊர்ப் புழுதி மாவு போல நைசாக இருக்கும். எண்ணெய் தடவிய மரையில் ஒட்டினால் பசை ஆகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் சால்வென்ட்டும் எடுத்து, சோக்கின் வெளி மரை, குழலின் உள் மரை இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். துணியால் துடைத்துவிட்டு, விரல் நுனியால் மட்டும் சோக்கைச் சுழற்றுங்கள். முதலில் எதிர்த் திசையில் அரைச் சுற்று. மரை விழும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' தெரியும். அங்கிருந்து நேர்த் திசையில் திருப்பினால் கோணலாக ஏறாது.

சுத்தம் செய்த பிறகும் நிற்கிறது என்றால் அடுத்த கேள்வி: இது அந்தத் துப்பாக்கியின் மரைதானா? "12 போர் சோக்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. பெரெட்டா கம்பெனித் துப்பாக்கிகளிலேயே மொபில்சோக் வேறு, ஆப்டிமா சோக் வேறு, ஆப்டிமா எச்.பி. வேறு, ஒன்று மற்றொன்றில் போகாது. பிரவுனிங்கில் இன்வெக்டர், இன்வெக்டர் பிளஸ், டி.எஸ். மூன்றும் தனித்தனி. பழைய இன்வெக்டரும் வின்செஸ்டரின் வின்சோக்கும் ஒரே மரை. ரெமிங்டனின் ரெம்சோக் தனி. துருக்கித் துப்பாக்கிகளில் பல மொபில்சோக் மாதிரி மரையோடு வரும், ஆனால் எல்லாமே அல்ல. குழலின் பக்கவாட்டிலோ அடியிலோ சோக் வகையின் பெயர் பொறித்திருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சோக்கின் பெட்டியில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு சோக்கைத் திருப்பிக் கொடுங்கள். "கொஞ்சம் இறுக்கித் திருப்பினால் ஏறிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏறத்தான் செய்யும், குழலின் மரையைத் தின்றுகொண்டு. சோக் போனால் வேறு வாங்கலாம், குழல் போனால் துப்பாக்கியே போன மாதிரி.

பெயரும் சரி, மரையும் சுத்தம், ஆனாலும் ஏறவில்லை. ஒரிஜினல் சோக்கைப் போட்டால் சுலபமாக ஏறுகிறது என்றால் குறை புது சோக்கில். ஒரிஜினலும் ஏறவில்லை என்றால் குழலின் மரை அடிபட்டிருக்கிறது, லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) போக வேண்டிய வேலை. அவரிடம் அந்த அளவுக்கான மரைக் கருவி இருக்கும். லேத் பட்டறையில் கேட்க வேண்டாம். காரணத்தைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: ஏறிவிட்டது, ஆனால் சரியாக உட்காரவில்லை

இதுதான் மிகவும் ஆபத்தான அறிகுறி. மற்றவற்றில் பெரும்பாலானவை தட்டைத் தப்பவைக்கும், இது குழலைக் கிழிக்கும்.

குழலைக் கழற்றுங்கள். அறைப் பக்கத்தில் இருந்து கண்ணை வைத்து, வாய்ப் பக்கத்தை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். சோக் தொடங்கும் இடத்தில் மெல்லிய நிழல் வளையம் ஒன்று தெரியும். அது முழு வட்டமாக, சுற்றிலும் ஒரே தடிமனாக இருந்தால் சரி. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மறைந்தும் பிறை மாதிரி தெரிந்தால் சோக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சோக்கின் உள் முனை குழலின் துவாரத்தைவிட ஒரு மயிரிழை அகலமாகத்தான் இருக்க வேண்டும். அப்படியில்லாமல் அதன் விளிம்பு பளபளவென்று உள்ளே நீட்டிக்கொண்டு தெரிந்தால், சுடும்போது தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கப் நேராக அந்த விளிம்பில் போய் மோதும். ஒரு தோட்டாகூட சுடாதீர்கள்.

காரணங்கள் இந்த வரிசையில்: சோக் உட்காரும் திட்டில் கரி அல்லது பிளாஸ்டிக் படிவு (சுத்தம் செய்து மறுபடி போட்டுப் பாருங்கள்), சோக் முழுதாக இறங்கவில்லை (கடைசி அரைச் சுற்றைச் சோக் திருகும் சாவியால் கொடுங்கள்), இந்தக் குழலின் துவார அளவுக்கான சோக் இல்லை, குழலில் மரையே கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. முதல் இரண்டும் உங்கள் கையில். மூன்றாவதற்கு சோக்கை மாற்ற வேண்டும். நான்காவது கன்ஸ்மித்தின் வேலை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை சோக் என்றால் குழல் வாய்க்கும் அதன் கழுத்துக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தாள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையவில்லை என்றால் கோணல்தான்.

இன்னொன்று. சோக் சரியில்லை என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் குழலோடு சுடுகிறவர்களும் உண்டு. மரை உள்ள இடத்தில் குழலின் சுவர் மெல்லியது. சோக் இல்லாமல் சுட்டால் மரை கெடும், வாய் வீங்கும். சிலிண்டர் பரவல் (குறுகலே இல்லாத குழலின் அகலமான பரவல்) வேண்டும் என்றால் சிலிண்டர் சோக் போட்டுச் சுடுங்கள்.

அறிகுறி: சுடச் சுடக் கழன்றுவிடுகிறது

மரையில் எண்ணெய் கூடிப்போனது, அல்லது கையால் மட்டும் இறுக்கியது. இந்த இரண்டைத் தாண்டி அபூர்வம். மரையைத் துடைத்து, சோக்குக்கென்று விற்கும் கெட்டியான கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, சாவியால் இறுக்கம் தெரியும் வரை திருப்பினால் போதும். முழு பலமும் வேண்டாம். 25 தட்டு முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்துவிட்டு, விரலால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கழன்றால் மரை தேய்ந்திருக்கிறது. ஒரிஜினல் சோக் கழலவில்லை என்றால் புதியதைத் திருப்பிக் கொடுங்கள், அதுவும் கழன்றால் கன்ஸ்மித். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது தண்ணீர்க் குழாய்க்குச் சரி, இங்கே வேண்டாம். சோக் கோணலாக உட்காரும்.

அறிகுறி: கழற்றவே வரவில்லை

எங்கள் பக்கம் இதற்கு ஒரு பருவமே உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கிறோம். வாரக்கணக்கில் உறைக்குள்ளேயே கிடந்து திரும்பி வரும்போது சோக் குழலோடு ஒன்றாகிப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலுறைக்குள் வைத்தாலும் இதே கதி. தோலும் கம்பளியும் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். வளவு வீடுகளில் சுவர் தடிமன், உள் அறையில் குளிர்ச்சி இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் ஈரமும் அங்கேயே தங்கும்.

இன்னொரு காரணம் தேங்காய் எண்ணெய். அப்பச்சி காலத்தில் அதைத்தான் தடவினார்கள் என்று இன்றும் தடவுகிறவர்கள் உண்டு. சும்மா சுவரில் மாட்டி வைக்கும் துப்பாக்கிக்குப் பெரிய பாதகம் இல்லை. மரைக்குள் போனால் நாளடைவில் பிசுக்காகிக் காய்ந்து கோந்தாகிவிடும். மரைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எடுப்பது எப்படி?

முதலில் சரியான சாவி. சோக்கின் வாயில் உள்ள வெட்டுகளில் சாவியின் பற்கள் முழுதாக உட்கார வேண்டும். ஸ்க்ரூ டிரைவர், ஒரு ரூபாய் நாணயம், கட்டிங் பிளேயர் எதுவும் வேண்டாம். வெட்டின் ஓரம் ஒரு தடவை சிதைந்தால் அப்புறம் சாவியும் பிடிக்காது. நீட்டு சோக் என்றால் ரப்பர் கையுறை போட்டுப் பிடித்தாலே பாதி வந்துவிடும். திருப்பும் திசையையும் கவனியுங்கள்: வாயை உங்கள் முகத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தால், கழற்ற இடப்பக்கம். குழம்பிப்போய் இறுக்கிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரவில்லையா, துரு நீக்கும் எண்ணெய். டபிள்யூ.டி. 40 கிடைக்கும், மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் வேலை செய்யும். கழற்றிய குழலை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து, அறைப் பக்கமாக உள்ளே கொஞ்சமும், வாய்ப் பக்கம் சோக்கும் குழலும் சேரும் கோட்டில் கொஞ்சமும் விடுங்கள். கீழே ஒரு பழைய டப்பா வையுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் சாவியைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் லேசாக ஒரு அழுத்தம், அப்புறம் கழற்றும் திசையில். துரு உடைந்தால் கையில் ஒரு நொறுங்கல் தெரியும். தெரிந்ததும் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எண்ணெயை உள்ளே விடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் வெந்நீர். கொதிக்கும் நீரில் நனைத்த துணியைக் குழல் வாயின் வெளிப்பக்கம் சுற்றி, சூடேறியதும் சாவி போடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யலாம், எண்ணெயும் இடையில் விடலாம். நெருப்பு வேண்டாம். கேஸ் அடுப்பு, பிளோ டார்ச் எதுவும் கூடாது: இரட்டைக் குழலையும் மேல் பட்டையையும் சேர்த்திருப்பது பல துப்பாக்கிகளில் ஈயப் பற்றுதான், அது இளகினால் பட்டை எழும்பிவிடும். குழலை வைஸில் வைத்து இறுக்குவதும் கூடாது. வாய்ப் பக்கம் சுவர் மெல்லியது, நசுங்கினால் நிமிராது.

இரண்டு ராத்திரி எண்ணெயும் வெந்நீரும் பார்த்தும் அசையாவிட்டால் கன்ஸ்மித்திடம் கொண்டு போங்கள். அவர் வேறு வழியில்லாவிட்டால் சோக்கை உள்ளிருந்து கடைந்து எடுப்பார். சோக் போகும், குழல் பிழைக்கும். வெட்டுகள் சிதையும் முன்னே போனால் அவர் வேலையும் சுலபம், உங்கள் செலவும் குறைவு.

வந்துவிட்டது என்றால், துருவைப் பித்தளை பிரஷ்ஷால் எடுத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒப்படைக்கப் போகும் துப்பாக்கி என்றால் முந்தின நாள் சோக்கை ஒரு தடவை கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டிவிட்டுக் கொடுங்கள்.

அறிகுறி: தட்டு தப்புகிறது, உடைந்தாலும் ஓரம் மட்டும் சிலும்புகிறது

பெரும்பாலும் இதற்காகத்தான் புது சோக் வாங்குகிறார்கள். காகிதம் கட்டிச் சுட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் கூடுதலான வெள்ளைத் தாள், நடுவில் கறுப்பு வட்டம். இதை ரேஞ்சில், பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். வீட்டுக் கொல்லை, கண்மாய்க் கரை இரண்டுமே கூடாது. வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பறவை வரும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பக்கத்துக் கண்மாயில் ஈயக்குண்டு இறைக்கலாமா?

சோக்கில் ஃபுல்தான் மிக இறுக்கம்; அதற்கடுத்து முக்கால், ஹாஃப், குவார்ட்டர், சிலிண்டர் என்று படிப்படியாகத் தளரும். சோக்குக்கு வழக்கமாகச் சொல்லும் விழுக்காடு 40 கஜத்துக்கு, அதாவது 36.5 மீட்டருக்கு. அந்தத் தூரத்தில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 விழுக்காடு குண்டுகளை வைக்க வேண்டும், ஹாஃப் 60, குவார்ட்டர் 55, வெறும் சிலிண்டர் 40. ஒரு தாள் போதாது. ஒவ்வொரு சோக்குக்கும் குறைந்தது நான்கைந்து தாள், ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு தோட்டா. சுட்ட பிறகு குண்டுகள் அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து வட்டம் போடுங்கள், குறிவைத்த புள்ளியை நடுவாக வைக்காதீர்கள். அப்புறம் அட்டையில் 11 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். டிராப் தட்டின் அகலம் அதுதான். அந்த அட்டையைத் தாள் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். அட்டைக்கு அடியில் மூன்று குண்டுக்குக் குறைவாக வரும் இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் தட்டு நழுவும்.

இனி தாள் சொல்வதைப் பொறுத்துப் பிரிந்து போகலாம்.

*தாள் நன்றாக இருக்கிறது, ஓட்டை இல்லை.* சோக் மேல் குறையில்லை. குறை தோளிலோ கண்ணிலோ இருக்கிறது. பயிற்சியாளரைப் பாருங்கள், காசை அங்கே செலவு செய்யுங்கள்.

*பரவல் அகலமாகி, எல்லா இடத்திலும் நைந்து கிடக்கிறது.* முதலில் தோட்டாவைப் பாருங்கள். கையில் கிடைத்தது பெரிய குண்டுத் தோட்டாவா? 4, 5 நம்பர் தோட்டாவில் குண்டு எண்ணிக்கை குறைவு, தட்டுக்குப் பரவல் அடராது. டிராப்புக்கு 7½ நம்பர், 24 கிராம். போட்டி விதியிலும் 24 கிராம்தான் உச்சம். தோட்டா சரியானால் அடுத்து சோக்கின் உள் சுவர்: பிளாஸ்டிக் கப் உரசி உரசி சாம்பல் நிறத்தில் நீளக் கோடுகளாக ஒட்டியிருக்கும். விரல் நுனியை உள்ளே விட்டால் சொரசொரப்பு தெரியும். சால்வென்ட் ஊற்றி ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் சுருள் சுருளாக உரிந்து வரும். சுத்தம் செய்து மறுபடி தாள். அதற்கும் அகலமாகவே இருந்தால்தான் சோக்கை ஒரு படி இறுக்கலாம்: குவார்ட்டரில் இருந்து ஹாஃப்.

*நடுவில் கொத்து, சுற்றிலும் ஓட்டை. அல்லது நடுவே காலி, ஓரத்தில் வளையம்.* இங்கே பலரும் இன்னும் இறுக்கமான சோக் வாங்குகிறார்கள். அது எதிர்த் திசை. மென்மையான ஈயக்குண்டு இறுக்கமான சோக்கில் நசுங்கினால் நேராகப் போகாது. ஒரு படி தளர்த்திப் பாருங்கள், ஃபுல்லுக்குப் பதில் முக்கால். கடினப்படுத்திய குண்டு உள்ள போட்டித் தோட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரா ஃபுல்' என்று விற்பவை பெரும்பாலும் வெளிநாட்டில் காட்டு வான்கோழி வேட்டைக்காகச் செய்தவை. அங்கே பறவை நிற்கும், தலைக்கு மட்டும் அடி. பறந்து போகும் தட்டுக்கு அது உதவாது.

*ஒரே சோக், ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி.* தோட்டா. வேறு வேறு பெட்டி, வேறு வேறு வருடம் கலந்திருக்கும். ஒரே பெட்டியில் இருந்து எடுத்துச் சுடுங்கள்.

எந்தச் சோக் என்று இன்னும் கேட்பவர்களுக்கு: டிராப்பில் சுடுகிறவர் தட்டு வீசும் குழிக்கு 15 மீட்டர் பின்னால் நிற்கிறார், தட்டு விலகி ஓடுகிறது. முதல் குண்டு 30 மீட்டரைத் தாண்டித்தான் சேரும். போட்டியில் தேறியவர்கள் முதல் குழலுக்கு முக்கால், இரண்டாவதற்கு ஃபுல் வைப்பது வழக்கம். தொடக்கக்காரர் ஹாஃப், ஃபுல் வைத்தால் கொஞ்சம் மன்னிப்பு கிடைக்கும். ஸ்கீட் (தட்டு சுடும் இன்னொரு போட்டி) என்றால் 20 மீட்டர் தூரத்தை ஒட்டித்தான் ஆட்டம்; ஸ்கீட் சோக் போதும். வேட்டைத் துப்பாக்கியோடு வந்த ஐந்து சோக்கில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும். வாயில் ஒரு வெட்டு இருந்தால் ஃபுல், இரண்டு முக்கால், மூன்று ஹாஃப், நான்கு குவார்ட்டர் பக்கம், ஐந்து சிலிண்டர் என்பது பெரெட்டா, பிரவுனிங் வழக்கம்.

அறிகுறி: பெயர் ஒன்று, பரவல் வேறு

'ஹாஃப்' என்று எழுதியிருக்கிறது, சுட்டால் ஃபுல் மாதிரி கூடுகிறது. பெயரை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். குழலின் துவாரத்தில் இருந்து சோக்கின் வாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. கால் மில்லிமீட்டர் குறுகினால் குவார்ட்டர், அரை என்றால் ஹாஃப், முக்கால் என்றால் முக்கால், ஒரு மில்லிமீட்டர் என்றால் ஃபுல். இதைவிடச் சுலபமாக ஞாபகம் வைக்க வழியில்லை.

சிக்கல் எங்கே என்றால், துவாரம் எல்லாக் குழலிலும் ஒரே அளவு அல்ல. மொபில்சோக் குழல்கள் 18.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஆப்டிமா 18.6, இன்வெக்டர் பிளஸ் 18.8. வாய் 17.9 உள்ள சோக் 18.4 குழலில் ஹாஃப், அதே 17.9 வாய் 18.8 குழலில் கிட்டத்தட்ட ஃபுல். சோக்கின் வாயை வெர்னியரால் நீங்களே அளக்கலாம். துவாரத்தை அளக்க உள் அளவுக் கருவி வேண்டும், அது கன்ஸ்மித்திடம் இருக்கும், அவருக்கு ஐந்து நிமிட வேலை. ஒரு தடவை அளந்து, லைசென்ஸ் புத்தகத்தோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்து எந்தச் சோக் வாங்கினாலும் அந்தச் சீட்டு போதும்.

அறிகுறி: குண்டு ஒரு பக்கமாகவே போகிறது

ஐந்து தாளிலும் கொத்து இடப்பக்கமே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரிஜினல் சோக்கைப் போட்டு, அதே தூரம், அதே தோட்டா, துப்பாக்கியை மூட்டை மேல் வைத்து, மறுபடி ஐந்து.

நடுவுக்கு வந்துவிட்டதா? புது சோக் கோணல். திருப்பிக் கொடுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை.

அதே இடப்பக்கமா? உங்களைவிட நன்றாகச் சுடும் ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கு நடுவில் விழுந்தால் தோளில் அணைக்கும் கட்டையின் வளைவு உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை. அவருக்கும் இடப்பக்கம் என்றால் குழல். இரட்டைக் குழலில் ஒன்று மட்டும் விலகினால் நிச்சயம் குழல். இரண்டுக்கும் கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும். கட்டை வேலை சின்னது, குழல் வேலை பெரியது.

அறிகுறி: கழற்றினால் சோக்கின் வெளிப்பக்கம் கரி

மரையில் லேசான கரி இருந்தால் கவலை வேண்டாம், சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள். உள் முனையின் ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று பட்டையாக இருந்தால் அங்கே வாயு புகுகிறது. மேலே சொன்ன நிழல் வளையச் சோதனையைச் செய்யுங்கள். குழலின் வெளிப்பக்கம் சோக் இருக்கும் இடத்தில் விரலை ஓட்டும்போது ஒரு மேடு தட்டுப்பட்டால், அல்லது சோக்கில் விரிசல் தெரிந்தால், அந்தத் துப்பாக்கி அன்றோடு நிற்கட்டும். கன்ஸ்மித் பார்க்கும் வரை சுட வேண்டாம்.

அறிகுறி: பழைய துப்பாக்கி, வாயில் மரையே இல்லை

நாட்டுக்கோட்டை வீடுகளில் பர்மா, மலேயாக் காலத்து இங்கிலீஷ் இரட்டைக் குழல்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் சோக் குழலோடு சேர்த்தே கடையப்பட்டிருக்கும். குழலின் அடியில் முத்திரைகளைப் பாருங்கள். 1887-க்குப் பிறகு பிரிட்டிஷ் சோதனை நிலையத்தில் முத்திரை வாங்கிய குழலில் 'சோக்' என்ற ஆங்கில எழுத்துகளே பொறித்திருக்கும்.

இதில் மரை வெட்டி சோக் போடலாமா என்றால், என் பதில் வேண்டாம். வாய்ப் பக்கம் சுவர் மெல்லியது. மரை வெட்டினால் மிச்சம் இருப்பது தகடுதான். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் லைசென்ஸ் வேண்டும், லேத் பட்டறைக்காரரிடம் அது கிடையாது. அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரையும் சேர்த்து வழக்கில் மாட்டிவிடுவது நியாயம் இல்லை. அதே சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிக் கணக்கில்தான் சேரும். ஆகவே புதுக் குழலுக்குச் சோக் வாங்கினாலும் லைசென்ஸ் டீலரிடம் வாங்கி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வெளிநாட்டில் இருந்து தபாலில் வரவழைக்க வேண்டாம்.

பழைய குழலில் தட்டு சுட ஆசை இருந்தால் முதலில் அறையின் நீளத்தைக் கன்ஸ்மித்திடம் அளக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பல 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை; இன்று கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். 65 என்றால் 65 தோட்டாவே. பரவலை மாற்ற அதில் இருக்கும் வழி தோட்டாவை மாற்றுவது மட்டும்: பிளாஸ்டிக் கப் இல்லாத, நார் அடைப்பு வைத்த தோட்டா கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். வலக்குழல் பெரும்பாலும் விரிவாக, இடக்குழல் இறுக்கமாகக் கடையப்பட்டிருக்கும். எது எது என்று தாள் காட்டிவிடும்.

கன்ஸ்மித்திடம் போகும் நாளில் லைசென்ஸ் புத்தகம், துப்பாக்கி, ஒரிஜினல் சோக், புது சோக், சாவி, சுட்ட தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தாளின் மூலையில் தூரம், சோக்கின் பெயர், தோட்டாவின் பெயர், எந்தக் குழல் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத தாளைப் பார்த்துக் கன்ஸ்மித்தால் ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி சுட்டு வரச் சொல்லித்தான் அனுப்புவார்.